சின்ன ஊரில் நடைக்கும் சைக்கிளுக்கும் வழித்தடம்: எங்கிருந்து தொடங்குவது?

குறுக்குத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சில ஆயிரம் பேர் வாழும் ஊர் ஒன்றுக்கு நடை, சைக்கிள் வழித்தட வரைவு தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை. எல்லாச் சின்ன ஊருக்கும் இருக்கும் அமைப்புதான். நடுவே ஒரு மெயின் ரோடு ஊரை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பக்கம் பள்ளி, நூலகம், மருத்துவமனை. மறுபக்கம் பஸ் ஸ்டாப், பாதி வீடுகள். ஓரத்தில் ஒரு ஏரி.

கையில் இருக்கும் வரைவு இதுதான்: முதல் கட்டமாக ஏரியைச் சுற்றி நடைபாதையும் சைக்கிள் பாதையும். நிலச் சிக்கல் இல்லை, யாரும் எதிர்க்க மாட்டார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும். இரண்டாம் கட்டமாக மெயின் ரோட்டின் இரு ஓரமும் பெயின்ட் கோடு போட்டு சைக்கிள் தடம். பெரிய நகரங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், சின்ன ஊருக்கு எது பொருந்தும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேகத்தடை

ஏரிப் பாதையைப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும் பாதை காலை நடைக்கு ஆகும், காரியத்துக்கு ஆகாது. பள்ளிக்குப் போகிற பிள்ளை ஏரியைச் சுற்றிக்கொண்டா போகும்?

"யாரும் எதிர்க்க மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் போடும் பாதை பெரும்பாலும் யாருக்கும் வேலை இல்லாத இடத்தில்தான் இருக்கும்.

நெதர்லாந்தில் சைக்கிள் பாதை வடிவமைப்புக்கு குரோ என்ற அமைப்பின் கையேட்டைத்தான் எடுப்பார்கள். அது ஐந்து தேவைகளைச் சொல்கிறது: வழிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், நேராகப் போக வேண்டும், பாதுகாப்பாக, அலுப்பில்லாமல், கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும். உங்கள் ஏரிப் பாதைக்குக் கடைசி மூன்றிலும் முழு மதிப்பெண். முதல் இரண்டில் பூஜ்யம்.

பெல்_இல்லாத_சைக்கிள்

காலை நடைக்காரங்க ஓட்டுப் போடுவாங்க சார், பள்ளிப் பிள்ளைங்க போடாது. ஏரி முதல்ல வர்ற ரகசியம் அவ்வளவுதான் 😀

நாலாம்_வகுப்பு_அம்மா

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் அதுதான். வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனாலும் பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விடுகிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். தூரம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "அந்த ஒரு இடத்தைத் தாண்ட வேண்டுமே" என்பார்கள். அது எந்த இடம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டுவார்கள். மற்ற தொள்ளாயிரம் மீட்டரும் பூ விரித்து வைத்தாலும் அந்த இடம் மாறாதவரை வண்டிதான்.

இந்த வண்டிகளெல்லாம் பள்ளி வாசலில் வந்து குவிகின்றன, அதைப் பார்த்து நடந்துவந்த பிள்ளையின் பெற்றோரும் பயந்து வண்டிக்கு மாறுகிறார்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. இத்தாலியின் போல்சானோ நகரில் பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் கொஞ்ச நேரம் மட்டும் வாசல் தெருவை வண்டிகளுக்கு அடைக்கிறார்கள். பின்பு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. ஒரு தடுப்பும் அதை நகர்த்த ஒரு ஆளும் இருந்தால் போதும். சின்ன ஊருக்கு இதைவிட எளிய முதல் வேலை என்ன இருக்கிறது?

வரைபடக்காரன்

பிள்ளைகளையே கேட்கலாம். பெரிய தாளில் ஊரின் வரைபடத்தை அச்சிட்டு (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் இலவசமாகக் கிடைக்கும், சந்துகள் விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்க்கலாம்) வகுப்பில் விரித்து வையுங்கள். போகிற வழியைப் பச்சையில் வரையச் சொல்லுங்கள், பயப்படும் இடத்தைச் சிவப்பில் வட்டமிடச் சொல்லுங்கள். சிவப்பெல்லாம் சில இடங்களிலேயே குவியும். அதையே பஸ் ஸ்டாப்பிலும் மருத்துவமனை வாசலிலும் செய்யுங்கள். முதியவர்கள் காட்டும் இடம் பிள்ளைகள் காட்டும் இடத்திலிருந்து வேறாக இருக்கலாம். பிள்ளைக்கு வண்டி பயம், முதியவருக்கு உடைந்த வடிகால் மூடியும் உயரமான படியும்.

இன்னொன்று, ஒற்றையடித் தடங்களைத் தேடுங்கள். காலி மனையின் குறுக்கே, சுவரின் உடைப்பு வழியே, வாய்க்கால் ஓரமாக மண் தேய்ந்து கிடக்கும். ஊர் தானாகவே திட்டமிட்டுக் காட்டியிருக்கும் வழி அது. பல இடங்களில் அந்தத் தடத்தைக் கெட்டியாக்கி ஒரு விளக்குப் போடுவதுதான் திட்டமே.

குறுக்குத்தெரு

வரைபட யோசனை பிடித்திருக்கிறது, செய்கிறோம். ஆனால் மெயின் ரோட்டுப் பெயின்ட் கோட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. குழுவில் பலருக்கு அதில்தான் ஆர்வம். செலவு குறைவு, ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

வேகத்தடை

ஒரே வாரத்தில் முடியும், அடுத்த வாரம் அதன்மேல் கார் நிற்கும்.

கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 50 கிமீ வேகத்தில் வரும் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஒரு நொடி என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் அதன்பின் நிற்க இன்னொரு 14 மீட்டர், ஆக 28. அதே வண்டி 30-ல் வந்தால் அந்த ஒரு நொடிக்கு 8 மீட்டர், நிற்க 5, ஆக 13. அதாவது 30-ல் வந்தவன் நின்றுவிட்ட இடத்தில் 50-ல் வந்தவன் இன்னும் பிரேக்கில் காலே வைத்திருக்க மாட்டான். முழு வேகத்தில் மோதுவான். இதைப் பெயின்ட் எப்படி மாற்றும்?

என் கருத்து இதுதான்: வேகம் 30-க்குக் கீழே, வண்டிகளும் குறைவு என்றால் சைக்கிளுக்குத் தனித் தடமே தேவையில்லை, தெருவே தடம். வேகமும் வண்டியும் அதிகம் என்றால் கல் கட்டிப் பிரித்த தடம் வேண்டும். பெயின்ட் கோடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, இரண்டுக்கும் உதவாது. சின்ன ஊரில் மெயின் ரோடு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முதல் வகை. அதை ஏன் விட்டுவிட்டு மெயின் ரோட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள்?

பெல்_இல்லாத_சைக்கிள்

இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன் சார். கடை, வங்கி, பஸ் எல்லாம் மெயின் ரோட்டுலதான். பின்தெரு வழியா அனுப்பினா கடைசி நூறு மீட்டர் எப்படியும் மெயின் ரோட்டுக்கு வந்தாகணும். அப்புறம் பின்தெரு நேரா போகாது. நாலு தடவ திரும்பணும், பாதியில முட்டுச்சுவர். வண்டிக்காரனுக்கு நேர்வழி, மிதிக்கிறவனுக்குச் சுத்துவழியா? அலுப்புப் படறது யாரு, கால் வலிக்கிறவன்தானே.

வரைபடக்காரன்

சரியான கேள்வி. அதனால்தான் பின்தெரு என்று விட்டுவிடக் கூடாது, முட்டுச்சுவரைத் திறக்க வேண்டும். நெதர்லாந்தில் ஹௌட்டன் என்று ஓர் ஊர், இன்று சுமார் 50,000 பேர். 1970-களில் அது சின்னக் கிராமமாக இருந்தபோது போட்ட திட்டத்தில் இதைத் தலைகீழாக்கினார்கள். ஊரின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் காரில் போக வேண்டுமானால் வெளியே சுற்றுச்சாலைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். நடப்பவரும் சைக்கிள்காரரும் நடுவே நேராகப் போகலாம். பழைய நகரமான குரோனிங்கனில் 1977-ல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, காரில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போக முடியாதபடி செய்தார்கள். புதுச் சாலை ஒன்றும் கட்டவில்லை. கார் கடக்க முடியாத இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஊருக்கு இதன் பொருள்: மெயின் ரோட்டுக்கு இணையாக ஒரு தெருவைப் பிடியுங்கள். அது முட்டும் இரண்டு மூன்று இடங்களில் சைக்கிள் போகுமளவு திறப்பு. நடுவில் ஓரிடத்தில் கார் நுழைய முடியாத அடைப்பு. தெருவாசிகள் கார் எடுத்து வெளியே போகலாம், குறுக்கு வழியாக வருகிறவன் மட்டும் வர முடியாது. பெல் சொன்ன கடைசி நூறு மீட்டருக்கு, கடைகளை நோக்கிப் போகும் குறுக்குச் சந்துகளைச் சீராக்குங்கள்.

மூலைக்கடை

மெயின் ரோட்டில் கடை வைத்திருப்பவன் நான். இப்படிப் பேசுகிற எல்லாத் திட்டத்திலும் கடைசியில் போவது எங்கள் கடை முன்னால் வண்டி நிறுத்தும் இடம்தான். வாடிக்கையாளர் வண்டியை நிறுத்த முடியாவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேகத்தடை

ஐயா, உங்கள் கவலை நியாயம், எண்ணிப் பார்த்தால் தெளிந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் கடைக்குள் வருகிறவர்களை எண்ணுங்கள், எதில் வந்தார்கள் என்று கேளுங்கள். வாசலில் நிற்கும் கார் எத்தனை மணி நேரம் அசையாமல் நிற்கிறது, அது வாடிக்கையாளருடையதா, பக்கத்துக் கடைக்காரருடையதா என்றும் பாருங்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். ஸ்பெயினில் செவில்யா 2000-களின் பிற்பாதியில் கார் நிறுத்தும் இடங்களை எடுத்துத்தான் தொடர்ச்சியான சைக்கிள் வலையை ஒரே மூச்சில் போட்டது. துண்டு துண்டாகப் போட்டிருந்தால் யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

மூலைக்கடை

எண்ணுகிறேன். ஆனால் நான் எண்ணுவதை நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும், உங்களுக்குப் பிடிக்காத விடை வந்தாலும்.

வேகத்தடை

சம்மதம்.

கைத்தடி

இவ்வளவு நேரம் எல்லோரும் "நடை, சைக்கிள்" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். எனக்குப் பார்வை மிகக் குறைவு. எனக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. ஏரிக்கரையோ சந்தோ, "நடப்போருக்கும் சைக்கிளுக்கும் பொது" என்று பலகை வைத்த பாதையில் பின்னாலிருந்து ஓசையே இல்லாமல் ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போனால் அன்றோடு அந்தப் பாதை எனக்கு இல்லை. கார் வந்தால் காதில் விழும்.

நடைபாதை என்றால் என்ன அளவு என்று யாராவது சொல்வீர்களா? 1.8 மீட்டர் தடையில்லாத அகலம், தலைக்கு மேலே 2.2 மீட்டர் இடைவெளி என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பின் வழிகாட்டியே சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் கடக்க அந்த அகலம் வேண்டும். அதில் மின்கம்பம், விளம்பரப் பலகை, மரக்கிளை எல்லாவற்றையும் நட்டுவிட்டு நாடாவால் அளந்து "இருக்கிறதே" என்பார்கள். அளக்க வேண்டியது சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவில் மிஞ்சுகிற இடத்தை.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏற நடைபாதையை வெட்டிச் சரித்துவிடுவதும் இப்படித்தான். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாற்காலிக்காரர் கடைசியில் தெருவிலேயே இறங்கிவிடுகிறார். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும்.

குறுக்குத்தெரு

கைத்தடி ஐயா, நன்றி. எங்கள் வரைவில் "பொதுப் பாதை 2 மீட்டர்" என்றுதான் இருக்கிறது. பிரித்தால் ஏரிக்கரையில் இடம் போதாது.

கைத்தடி

போதாவிட்டால் ஏரிக்கரையை நடக்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். சைக்கிள் பக்கத்துத் தெருவில் போகட்டும். எல்லாப் பாதையும் எல்லோருக்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது? உள்தெருக்களில் வண்டியே மெதுவாகப் போனால் சைக்கிள் எதற்கு என் நடைபாதைக்கு ஏறுகிறது?

வரைபடக்காரன்

இந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே வரைவில் எழுதிவிடலாம். நடைபாதையில் சைக்கிள் ஏறுகிறது என்றால் பக்கத்துச் சாலைக்குப் பயந்து ஏறுகிறது.

பெல்_இல்லாத_சைக்கிள்

அடைப்பு பத்தி யாரும் நெசத்தைப் பேசல. கம்பம் நட்டு கார நிறுத்தலாம். பைக்க எப்படி நிறுத்துவீங்க? சைக்கிள் போற சந்துல பைக் போகாதா? ரெண்டு நாள்ல அதுதான் ஊரோட புது ஷார்ட்கட்.

வேகத்தடை

இதற்கு முழுத் தீர்வு கிடையாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். கம்பங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் விட்டால் சக்கர நாற்காலியும் மூன்று சக்கர சைக்கிளும் போகும், கார் போகாது. பைக்கைத் தடுக்குமளவு குறுக்கினால் முதலில் மாட்டுவது நாற்காலி. வளைவு வளைவாகக் கம்பி வேலி போட்டால் குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு வரும் தாய் மாட்டுவார், பைக்காரன் சாய்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

செய்யக்கூடியது, பைக்குக்கு அந்தச் சந்தால் லாபம் இல்லாதபடி பார்ப்பது. திறப்பை மெயின் ரோட்டின் நெரிசலைத் தாண்டிப் போகும் இடத்தில் வைக்காதீர்கள். சந்தின் இரு முனையும் உள்தெருக்களிலேயே முடியட்டும். தரையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள். அதையும் மீறி வருகிறவன் மெதுவாகவாவது வருவான்.

நாலாம்_வகுப்பு_அம்மா

மீண்டும் அந்த "ஒரு இடத்துக்கு" வரலாமா? மெயின் ரோட்டைக் கடக்கும் இடம். அதற்கு இன்னும் யாரும் வழி சொல்லவில்லை. ஸ்பீடு பிரேக்கர் போட்டால் போதும் என்பார்கள். ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டினதும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்கள், கடப்பவர் நிற்பது அதற்கு அந்தப் பக்கம்.

வேகத்தடை

இந்த இழையில் முதலில் பேசியிருக்க வேண்டிய விஷயம் இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சாலை 7 மீட்டர் அகலம் என்று கொள்வோம். சிக்னல்களுக்கு நேரம் குறிக்கும்போது நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கணக்கு வைப்பது வழக்கம். முதியவரோ சின்னப் பிள்ளையோ அவ்வளவு போக மாட்டார், 0.9 என்று வைத்தால் கடக்க 8 நொடி. அந்த 8 நொடியில் 50-ல் வரும் வண்டி 110 மீட்டர் வந்துவிடும். ஆக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 110 மீட்டர் சாலை காலியாக இருக்க வேண்டும், அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். வளைவுக்குப் பக்கத்திலோ, நிற்கும் லாரிக்குப் பின்னாலோ அது நடக்காது. வேகத்தை 30-க்குக் கொண்டுவந்தால் 110 என்பது 67 ஆகிறது. நடுவே ஒரு திட்டு கட்டினால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து 4 நொடியில் பாதியைக் கடந்து நின்றுகொள்ளலாம். இரண்டையும் செய்தால் பிள்ளை காத்திருக்க வேண்டிய இடைவெளி முப்பத்து மூன்று நான்கு மீட்டர்தான்.

திட்டு, கடக்கும் திசையில் 2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சைக்கிளின் நீளம் சுமார் 1.8 மீட்டர் வரும், திட்டு அதைவிடக் குறுகினால் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். 7 மீட்டரில் 2 போனால் பக்கத்துக்கு 2.5, பஸ் போகாது. அதனால் அந்த இடத்தில் மட்டும் ஓரத்தைச் சற்று அகலமாக்கி, பக்கத்துக்கு 3 மீட்டர் வருமாறு சாலையை வளைக்க வேண்டும். வளைவே வேகத்தையும் குறைக்கும். இடமே இல்லையென்றால் கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு மேடாக்குங்கள். அப்போது மேடும் கடப்பதும் ஒரே இடம், "பிரேக்கரைத் தாண்டி மிதிப்பது" என்ற சிக்கல் போய்விடும். முன்னும் பின்னும் சில மீட்டருக்கு வண்டி நிற்கக் கூடாது, மறைக்கும்.

மூலைக்கடை

அந்த "சில மீட்டர்" என் கடை வாசல்தானே.

வேகத்தடை

ஆமாம் ஐயா. மறைக்கப் போவதில்லை. ஆனால் கடக்கிறவர்கள் எல்லோரும் உங்கள் வாசலில்தான் வந்து இறங்குவார்கள்.

வரைபடக்காரன்

எல்லாம் முடிந்தபின் (அல்லது முடிவதற்கு முன்பே) ஒன்று செய்யுங்கள். ஸ்பெயினின் பொன்டேவேத்ரா 1999 முதல் மையப் பகுதியை நடப்பவர்களுக்காக மாற்றிக்கொண்டு வந்த ஊர். அங்கே மெட்ரோ ரயில் கிடையாது, ஆனால் மெட்ரோ வரைபடம் போலவே ஒன்று அச்சிட்டார்கள். நிலையங்களுக்குப் பதில் சந்தை, பள்ளி, பாலம், அவற்றுக்கு நடுவே நடக்க ஆகும் நிமிடங்கள். ஐந்து நிமிடத்தில் நானூறு மீட்டர் நடந்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. சின்ன ஊரில் எல்லாமே பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நாலாம்_வகுப்பு_அம்மா

பகலில் சரி. இருட்டின பிறகு அந்த வரைபடம் வேறு. வீடுகளின் சன்னல் பார்க்காத சந்தில், ஏரிக்கரையில், விளக்குப் போட்டாலும் பெண்கள் தனியாகப் போக மாட்டார்கள். ஒவ்வொரு பகல் வழிக்கும், கொஞ்சம் சுற்றானாலும், வீடும் கடையும் இருக்கிற ஒரு இரவு வழியைச் சேர்த்து வரையுங்கள்.

பெல்_இல்லாத_சைக்கிள்

வடிகால் மூடியையும் எழுதிக்கோங்க. கம்பி ஓடுற திசையும் சக்கரம் ஓடுற திசையும் ஒண்ணா இருந்தா முன்சக்கரம் உள்ள போயிடும். குறுக்கா திருப்பி வைக்கணும். செலவே இல்லாத வேலை.

குறுக்குத்தெரு

வரைவை வரிசை மாற்றுகிறேன். மெயின் ரோட்டைக் கடக்கும் இடம் முதலில், அதோடு பள்ளி வாசல் தெரு. அதற்குப்பின் இணைத் தெரு: முட்டுச்சுவர் திறப்புகளும் ஒரு அடைப்பும். நடைபாதைக்கு மிஞ்சும் இடம் 1.8 மீட்டர், கம்பங்களை விட்டு அளந்தது. வடிகால் மூடிகள் உடனே. ஏரிக்கரை கடைசியில், நடப்பவர்களுக்கு மட்டும். பெயின்ட் கோடு நீக்கம், இதற்குக் குழுவில் சண்டை வரும்.

ஒரு கேள்வி மிச்சம். நடுத்திட்டைக் கட்டின பிறகு "பஸ் திரும்பவில்லை" என்று இடிக்கச் சொன்னால் என்ன செய்வது?

வேகத்தடை

முதலில் கட்டாதீர்கள். சாலை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி வாங்கி, சுண்ணாம்பில் அளவு போட்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளை வையுங்கள். இரவில் தெரிய ஒளிரும் பட்டை கட்டாயம். பஸ்ஸும் லாரியும் தீயணைப்பு வண்டியும் ஒரு முறையாவது திரும்பிப் பார்க்கட்டும். டயர் எங்கே உரசுகிறதோ அங்கே தடுப்பை நகர்த்துங்கள். தடுப்பு நகர வேண்டிய தேவை நின்றதும் கல் வையுங்கள்.

மூலைக்கடை

தடுப்பு வைக்கும் நாளுக்கு முன்பே சொல்லுங்கள். எண்ணிக்கையை அதற்கு முன் ஒரு தடவை, அதற்குப் பின் ஒரு தடவை எடுக்கிறேன்.